சர்க்கார் தேக்கும் அதன் புழுக்களும்

அனுப்புநர்:
யோ. வேதமாணிக்கம்,
சந்தைக்கு மேற்கே,
வித்துரா.

பெறுநர்:
வன இலாகா ரேஞ்சு ஆபீசர் அவர்கள்.

பொருள்: என் முற்றத்தில் நிற்கும் சர்க்கார் தேக்கு மரத்தின் ஒரு கிளையை என் பேத்தியின் கல்யாணத்துக்கு முன் வெட்டக் கோருவது.

கனம் பொருந்திய ஐயா,

முதலில் என் கையெழுத்துக்காகத் தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வரிகள் பொன்முடி ஏற்றத்தில் போகும் வண்டி போலச் சாய்ந்தும் நின்றும் போகும். நான் எஸ்டேட்டுகளிலிருந்து தேயிலைப் பெட்டி ஏற்றி வந்த வண்டிக்காரன். எழுத்துப் படித்தது போன வருஷந்தான். படிப்பித்தது என் மனைவி எலிசாள். இதற்கு முன் மனு எழுதுகிறவரிடம் என் குறையைச் சொன்னால் அவர் பாதியை விட்டுவிடுவார். இந்த முறை ஒன்றும் விடுபடாது. தாங்கள் தமிழ் பேசும் தோவாளைப் பக்கம் வேலை பார்த்தவர்கள், தமிழ் நன்றாக வாசிப்பீர்கள் என்று கேள்விப்பட்டு மிகவும் சந்தோஷப்பட்டேன்.

1. மேற்படி மரத்தை நான் நடவில்லை. அடுக்களைக்குப் பக்கத்தில் தானாக முளைத்தது. இடுப்பளவு இருக்கும்போதே வனக் காவலர் ஐயப்பன் பார்த்துவிட்டார். "பாட்டா, தேக்கு ராஜ மரமாக்கும். எங்க முளைச்சாலும் சர்க்காருக்கு. ஒரு இலை போனாலும் நீருதான் ஜவாப் சொல்லணும்" என்றார். சட்டம் அப்படியிருக்க அவர் என்ன செய்வார்? அவர் மேல் எனக்குப் புகார் இல்லை. அன்றுமுதல் ஓர் இலையையும் நான் தொட்டதில்லை. எலிசாள் மீன் பொதிய இலை கேட்டபோதும் கொடுக்கவில்லை. அதனால் வீட்டில் எனக்குக் கிடைத்த பேச்சு இம்மனுவில் சேராது.

2. உதிர்ந்த இலையை எரிக்கலாமா என்று ஐயப்பனிடம் கேட்டேன். அதுவும் சர்க்கார் சொத்தே என்றார். ஆகவே கூட்டி, முற்றத்தின் மேற்கு மூலையில் குவித்துக் காத்து வருகிறேன். குவியலில் ஒரு சாரைப்பாம்பு குடியேறியிருக்கிறது. அது என்னைச் சேர்ந்ததா, சர்க்காரைச் சேர்ந்ததா என்று தெரியாததால் அதையும் தொந்தரவு செய்யவில்லை.

3. இந்தச் சித்திரையில் முதல் மழை பெய்ததும் மரம் முழுவதும் கறுத்த புழு பிடித்தது. தளிரைத் தின்று நரம்பை மட்டும் விட்டுவைக்கின்றன. ராத்திரி படுத்திருந்தால் அவை தின்னும் சத்தம் தூறல் போலக் கேட்கிறது. வயிறு நிறைந்ததும் நூல் விட்டுத் தொங்கி, என் முற்றத்தில் இறங்குகின்றன. சர்க்கார் சொத்தை அழித்தவர்களுக்கு வேதமாணிக்கம் அடைக்கலம் கொடுத்தான் என்று நாளைக்கு ஒரு வழக்கு வரக் கூடாதல்லவா? அதனால் ஒரு கலயம் நிறையப் பிடித்து ஐயப்பனிடம் ஒப்படைக்கப் போனேன். அவர் வாங்கவில்லை. "கொன்னு போடும் பாட்டா" என்றார். புழுவின் வயிற்றில் சர்க்கார் இலை இருப்பதால், அந்த உத்தரவை எழுத்தில் தரும்படி கேட்டேன். அவர் நேரே என் வீட்டுக்கு வந்து, "அம்மச்சி, இவருக்கு எதுக்கு எழுத்துப் படிச்சுக் குடுத்திய?" என்று கேட்டார். "நானும் அதத்தான் மக்களே யோசிக்கேன்" என்றாள் எலிசாள். எழுத்தில் உத்தரவு இன்னும் வரவில்லை.

4. இனி முக்கியமான காரியம். என் பேத்தி பொன்னம்மைக்கு வைகாசியில் கல்யாணம். தகப்பன் இல்லாத பிள்ளை, என் வீட்டில் வளர்ந்தவள். மாப்பிள்ளையின் தகப்பனார் திரவியம், மார்த்தாண்டத்துக்காரர், பந்தல் போடும் இடம் பார்க்க வந்தார். மரத்தடியில் நாற்காலி போட்டுத் தேயிலைத் தண்ணீர் கொடுத்தோம். ஒரு புழு கிண்ணத்தில் இறங்கியது. இன்னொன்று தோள் துண்டில் இறங்கி அவரோடேயே எழுந்தது. அவர் நல்ல மனுஷர், கோபப்படவில்லை. "பெரியவரே, புழுவுக்கு நான் பயப்படல்ல. ஆனா எங்க ஆளுவ சோத்துல ஒண்ணு கெடந்தா எலைய மடக்கீட்டு எந்திச்சிருவாவ. பொறவு ஒங்க பிள்ளைக்குத்தான் ஆயுசுக்கும் பேச்சு" என்றார். அவர் சொன்னது நியாயம். பொன்னம்மையோ காலையில் முற்றம் பெருக்கும்போது விளக்குமாற்றை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்க்கிறாள். அதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

5. பந்தலை வேறு பக்கம் போடலாமே என்று தாங்கள் கேட்கலாம். கிழக்கே வீடு. தெற்கே கிணறு. வடக்கே சரிவு. மேற்கே மேற்சொன்ன பாம்பு. ஓலை வேய்ந்தால் தடுக்குமே என்றால், வேய்ந்தும் பார்த்தேன். இடுக்கு வழியே நூல் விட்டு வருகின்றன.

6. மரத்தை நான் கேட்கவில்லை. அது மகாராஜாவுக்கே இருக்கட்டும். முற்றத்துக்கு மேல் நீண்டிருக்கும் ஒரு கிளையை மட்டும் தங்கள் ஆள் வந்து, தங்கள் கத்தியால் வெட்ட வேண்டும். வெட்டிய கிளையை, இலை, புழு ஒன்றும் குறையாமல், என் சொந்த வண்டியில் ஏற்றித் தங்கள் ஆபீஸ் வாசலில் சேர்ப்பேன். கூலி வேண்டாம்.

போன ஞாயிறு எங்கள் சபையில் முதல் ஓலை வாசித்தார்கள். இந்தக் கல்யாணத்துக்குத் தடை சொல்ல யாராவது உண்டா என்று மூன்று ஞாயிறு கேட்பது எங்கள் வழக்கம். யாரும் வாய் திறக்கவில்லை. தடை சொல்வது அந்தக் கிளை ஒன்றுதான். ஆகையால் இரண்டாம் ஓலைக்கு முன் தாங்கள் தயவு செய்ய வேண்டும். ஆள் வராவிட்டால் அடுத்த வாரம் கட்டாயம் மறுபடி எழுதுவேன். அந்த மனுவோடு கல்யாணக் கடிதமும் வரும். மரத்துக்கு உடையவர் என்ற முறையில் தாங்கள் குடும்பத்தோடு வந்து முதல் பந்தியில் அமர வேண்டும். தங்கள் இலையை அந்தக் கிளைக்கு நேர் கீழே போடும்படி எலிசாளிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

இடம்: வித்துரா
நாள்: கொல்லம் ஆண்டு 1113, சித்திரை 22

தங்கள் தயவை எதிர்பார்க்கும்,
யோ. வேதமாணிக்கம்