எதிர்காற்றும் இருபத்துமூன்று பல்லும்

ஜூலை 6, ஞாயிறு

தூறல். பிறகு புழுக்கம். நைட் ஷிப்ட் முடித்துப் படுத்தவனுக்குத் தூக்கம் பாதியில் போச்சு. கீழ்வீட்டுக்காரர் மோட்டார் போட்டுவிட்டு எங்கோ போய்விட்டார். தொட்டி வழிந்து மாடிப்படி முழுக்கப் பாசி. வழுக்கி விழப் பார்த்தேன். கர்மம்.

இன்றைய வேலை: தாம்பரம் சைக்கிள் கடை. பின்சக்கரத்துக்குப் புது கேசட், அதாவது கியர் பல்சக்கர அடுக்கு. பழையதில் சின்னப் பல்சக்கரத்துக்கு 13 பல், பெரியதற்கு 32. அந்த முப்பத்திரண்டைப் பார்த்தாலே எரிச்சல். சாப்பாட்டுத் தட்டு மாதிரி. பல் கூடினால் மிதி லேசு, வேகம் குறைவு; மலை ஏறுகிறவனுக்கு வேண்டியது அது. படப்பையிலிருந்து ஒரகடம் தாண்டி எங்கள் கம்பெனி வரை மேடு என்றால் மேம்பாலம் ஒன்றுதான், மீதி தோசைக்கல். புதியதில் 11 முதல் 23 வரை. பற்களுக்குள் இடைவெளி குறைவு, கியர் மாற்றினால் காலுக்கே தெரியாது. தட்டை ரோட்டுக்கு இதுதான் என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். பெடல் பக்கம் ஏற்கெனவே ஒரே பல்சக்கரம். வண்டியை எங்களுக்கு விற்ற கொரிய இன்ஜினியர், இந்த ஊருக்கு இது போதும் என்று சின்னதைக் கழற்றிவிட்டிருந்தார். விவரமான மனுஷன்.

வண்டி எனக்கும் இசக்கிக்கும் பொது. (இனி இ. முழுப்பேர் எழுத அலுப்பு.) சங்கரன்கோவில் பக்கத்துப் பையன், அசெம்பிளி லைன், காண்ட்ராக்ட். நான் மெயின்டனன்ஸ், பெர்மனென்ட். ஒரே அறை, எதிரெதிர் ஷிப்ட். நான் எழுந்த சூட்டில் அவன் படுப்பான். சைக்கிளும் அப்படியே. காலையில் டே ஷிப்ட்காரன் ஓட்டிப்போய் கம்பெனி ஸ்டாண்டில் கொடுப்பான், நைட் முடித்தவன் அதையே வாங்கிக்கொண்டு அறைக்கு வருவான். சாயங்காலம் நைட்காரன் ஓட்டிப்போவான், டே முடித்தவன் திரும்ப எடுத்து வருவான். சும்மா நிற்காத வண்டி. போன வாரமும் வரும் வாரமும் எனக்கு நைட், அவனுக்கு டே.

கேசட்டைக் கையில் வாங்கிப் பார்த்தான். முகம் செத்துப்போச்சு.

"பெரிய பல்லக் கழட்டாதீங்கண்ணே. எதுத்த காத்து கொல்லுது. முட்டி தெறிக்கி."

ஒரே ரோடு, ஒரே சைக்கிள், உனக்கு மட்டும் காற்று எங்கிருந்துடா வருது என்று கேட்டேன். மாட்டியாச்சு.

ஜூலை 8, செவ்வாய்

வானம் மூட்டம். மழை வராது, சும்மா மிரட்டல்.

காலையில் அறைக்கு வந்தேன். வந்தேனா, பறந்தேன். பன்னிரண்டு மணி நேரம் எண்ணெயில் புரண்ட உடம்பு, ஆனாலும் 11-இல் போட்டு மிதித்தால் கல்லூரி பஸ்ஸுக்குப் பக்கத்திலேயே வருகிறது. பழையதில் கால் சும்மா சுற்றும். எவ்வளவு நாளை வீணாக்கியிருக்கிறேன்.

பிடிக்காதவை, இன்று:
- இ.யின் வியர்வையில் நனைந்த ஹேண்டில். சீட்டும். இன்னொருத்தன் ஈரத்தின்மேல் உட்கார்ந்து போவது என்ன பிழைப்பு.
- கேன்டீன் பொங்கல். கரண்டியில் ஒட்டிக்கொண்டு விழ மாட்டேன் என்கிறது.
- மேம்பாலத்துக்கு அடியில் எவனோ கொட்டிய கோழிக் கழிவு. அதன்மேல் நாய். நாயின்மேல் ஈ.
- சீட்டுத் தண்டு. என் உயரத்துக்கு நீலக்கோடு, அவனுக்குச் சிவப்பு. தினமும் தூக்கி இறக்கி, நட்டு மழுங்கிப்போச்சு.

ஸ்டாண்ட் வாட்ச்மேன் மணிமங்கலத்துக்காரர். வண்டி கைமாறும்போதெல்லாம் வேடிக்கை பார்க்கிறார். "இன்னாபா, அந்தப் புள்ள வரும்போது நாக்குத் தள்ளிகினு வருது, நீ போவசொல்ல விசிலடிச்சிகினு போற" என்றார். வயசுப் பையன், ராத்திரியெல்லாம் போன் பார்த்தால் அப்படித்தான் என்றேன்.

ஜூலை 10, வியாழன்

வெயில். அறை முழுக்கத் தைல நாற்றம். தலையணையில்கூட. குமட்டிக்கொண்டு வருகிறது, தூங்கவே முடியவில்லை.

இ.க்கு வலது முட்டி வீங்கியிருக்கிறது. காலையில் ஸ்டாண்டில் பேன்டைத் தூக்கிக் காட்டினான். கம்பெனி பஸ்ஸில் காண்ட்ராக்ட் ஆட்களை ஏற்ற மாட்டார்கள். ஷேர் ஆட்டோவில் வாயேன் என்றேன். ஆறு பேர் ஏற வேண்டிய ஆட்டோவில் பத்தாவது ஆளாகத் தொங்கினால் முட்டி இன்னும் கெடும் என்கிறான். அதுவும் உண்மைதான். எனக்கு பஸ் உண்டு. அதில் பாக்கு எச்சில் வாடை, நான் ஏறுவதில்லை.

சனிக்கிழமை அவனுக்கு மெடிக்கல். பெர்மனென்ட் லிஸ்டில் பேர் வந்திருக்கிறது. மூன்று வருஷம் நின்றது இதற்குத்தான். அதுவரைக்குமாவது பழையதை மாட்டுங்கள் என்று கேட்டான். காற்று காற்று என்று அதே பாட்டு. எனக்குச் சுள்ளென்று வந்தது.

"காத்து இல்லடா, காலு. உன் கால்ல பலமில்ல. அதச் சொல்லு."

தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனான். லேசாக நொண்டல்.

ஜூலை 12, சனி

சாயங்காலம் ஸ்டாண்டில் இ. உட்கார்ந்திருந்தான். அவன் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

டாக்டர் கண் பார்த்தாராம், காது பார்த்தாராம், எல்லாம் சரி. கடைசியில் கீழே உட்கார்ந்து எழு என்றாராம். உட்கார்ந்துவிட்டான். எழும்போது மேசையைப் பிடித்துவிட்டான். ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று எழுதிவிட்டார்கள். ஆறு மாதத்தில் லிஸ்ட் இருக்கும் என்று யார் கண்டது.

சைக்கிளை வாங்கிக்கொண்டு மெதுவாகப் போய்விட்டான். நான் என்ன சொன்னேன்? சைக்கிளுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை, லைனில் நின்று நின்று வருவது என்று சொன்னேன். நல்லாச் சொன்னேன்.

ஜூலை 13, ஞாயிறு

அறையில் இருவரும். ஞாயிறு மட்டும்தான் இப்படி. அவன் ஊருக்குப் போன் போட்டு மெடிக்கல் தள்ளிப்போயிருக்கு என்றான். தள்ளிப்போயிருக்கு.

நாளை முதல் எனக்கு டே, அவனுக்கு நைட். துணி துவைத்தேன். தைல நாற்றம் போகவில்லை.

ஜூலை 14, திங்கள்

விடியும்போதே காற்று. அறையிலிருந்து கிளம்பி மேற்கே திரும்பியதும் மூஞ்சியில் மண். காலி மனைகளிலிருந்து எழும்பி, பல்லுக்குள் நறநற. லாரி ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு வாய் போடுகிறது. தூ.

மேம்பாலம் ஏறும்போது 23-இல் போட்டேன். அதற்குமேல் கியர் இல்லை. கை தேடுகிறது, சக்கரம் இல்லை. பாதியில் இறங்கித் தள்ளினேன். பின்னால் வந்த பால் வண்டிக்காரன் சிரித்துவிட்டுப் போனான். இரண்டு வாரம் விடியாத நேரத்தில் எழுந்து பழக்கமில்லை, அதுதான்.

திரும்பும்போது இன்னும் மோசம். இப்போது கிழக்கே போகிறேன். காலையில் எதிர்த்த காற்று இப்போது முதுகைத் தள்ள வேண்டும் இல்லையா? இப்போதும் மூஞ்சியில்தான். என்ன எழவு இது.

ஜூலை 15, செவ்வாய்

கம்பெனி வாசலில் பச்சைக் கொடி ஒன்று இருக்கிறது, பாதுகாப்புக் கொடி. வருஷக்கணக்காக அதன் கீழே நுழைகிறேன். இன்றுதான் பார்த்தேன்.

காலையில் கொடி படப்பைப் பக்கம் படபடத்தது. ஆடிக்காற்று ஆனியிலேயே வந்துவிட்டது, மேற்கிலிருந்து அடிக்கிறது. நான் மேற்கே வந்துகொண்டிருந்தேன். சாயங்காலம் கொடி மேற்கே, வாலாஜாபாத் பக்கம் திரும்பியிருந்தது. கடல் காற்று. நான் கிழக்கே கிளம்பிக்கொண்டிருந்தேன்.

டே ஷிப்ட்காரனுக்குப் போகும்போதும் எதிர், வரும்போதும் எதிர். நைட்காரனுக்கு இரண்டு தரமும் முதுகில் கைவைத்துத் தள்ளிவிடுகிறது. இரண்டு வாரம் என்னைத் தள்ளியது. நான் என் தொடை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரே ரோடு, ஒரே சைக்கிள், உனக்கு மட்டும் காற்று எங்கிருந்து வருது. கேட்ட வாயைக் கழுவ வேண்டும். மெஷினில் அழுத்தம் குறைந்தால் முதலில் எங்கே பார்ப்பேன்? எது மாறியது என்று பார்ப்பேன். அதுதான் என் வேலை, அதற்குத்தான் சம்பளம். இங்கே ஷிப்டைப் பார்க்கவில்லை. ஆளைப் பார்த்தேன்.

என் முட்டியிலும் குத்துகிறது. எனக்கு லைன் இல்லை, ஸ்டூல் உண்டு. யாரும் என்னை உட்கார்ந்து எழு என்று சொல்லப்போவதில்லை.

ஜூலை 16, புதன்

வந்ததும் பழைய கேசட்டை மாட்டினேன். முப்பத்திரண்டு. கட்டிலுக்கு அடியில் எறிந்து வைத்திருந்தேன், கரப்பான் முட்டை ஒட்டியிருந்தது. பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். என் பிரஷ்தான். அது போகட்டும்.

12-27 என்று ஒன்று இருக்கிறதாம். தட்டை ரோட்டுக்கும் ஆகும், காற்றுக்கும் ஆகும். முதலிலேயே அவனையும் கடைக்குக் கூட்டிப் போயிருந்தால் அதை வாங்கியிருப்போம்.

இ.யிடம் எப்படிச் சொல்வது. காற்றுதான்டா, கால் இல்லை, நான்தான் உன் முட்டியை உடைத்தேன். ஸ்டாண்டில் கிடைப்பது இரண்டு நிமிஷம், பின்னால் ஹாரன். நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

ஜூலை 17, வியாழன்

காலையில் காற்று அப்படியே. பழைய கேசட்டில் மேம்பாலம் இறங்காமல் ஏறினேன். ஸ்டாண்டில் வண்டியைக் கொடுக்கும்போது வாட்ச்மேன் கூடவே நின்றார், சொல்ல முடியவில்லை.

சாயங்காலம் முன்னதாகவே வந்து நின்றேன். இ. வந்தான். வேகமாக வந்தான், பிரேக் கிறீச்சிட. வீக்கம் இறங்கியிருக்கிறது, நொண்டல் இல்லை. பழசை ஏன் மாட்டினீர்கள், மிதித்தால் கால் சும்மா சுத்துகிறது என்று குறைப்பட்டான்.

நான் வாயைத் திறந்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"புதுசையே போட்ருங்கண்ணே. காத்து கீத்துன்னு நான் சொன்னதெல்லாம் சாக்கு. நீங்க சொன்னதுதான் நெசம், கால்ல பலமில்லாம இருந்திருக்கு. இப்பம் பாருங்க, எப்படி வாரேன்னு."

சிரித்தான். மெடிக்கலுக்கு முன்பே நன்றாகப் பழகியிருந்தால் லிஸ்டில் வந்திருப்பேன், தப்பு என்மேல்தான் என்று சொல்லிக்கொண்டே ஹெல்மெட்டை என் கையில் கொடுத்தான். சைரன். உள்ளே ஓடினான், இரண்டு இரண்டு படியாக.

கொடி வாலாஜாபாத் பக்கம் பார்த்து அடித்துக்கொண்டிருந்தது. சீட்டு ஈரம். நீலக்கோட்டுக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பினேன், எதிர்காற்றில்.