முத்துப்பேச்சியின் வயிற்றுக் கட்டி

வடமதுரை
9-8-1964

அன்பு மகன் சேதுபதிக்கு அப்பா எழுதிக்கொண்டது. பிலாய் இரும்பாலையில் நீ உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் வேலைக்குப் போய்வர தாடிக்கொம்புப் பெருமாள் துணை இருக்கட்டும். இங்கே நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அம்புட்டுத்தான் சொல்ல முடியும்.

உன் தங்கச்சியைப் பற்றி யார் யாரோ உனக்கு எழுதியிருக்கிறார்கள், நடந்ததை நான் எழுதுகிறேன். சித்திரையிலேயே முத்துப்பேச்சிக்குச் சோறு இறங்கவில்லை, சாப்பிட்டால் வாந்தி, வயிறு மெல்ல உப்பி வந்தது. பார்த்தவர்கள் ஒரு மாதிரி பேச ஆரம்பித்தார்கள். பரிசம் போட்ட வேடசந்தூர்க்காரர்கள் ஆள் அனுப்பி, சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். உன் அம்மா, யாரென்று சொல்லுடி என்று கேட்டு விளக்குமாற்றால் அடித்தாள். ஒருத்தரும் இல்லை என்பதைத் தவிர பிள்ளை வேறு சொல்லவில்லை, தோட்டத்துக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள். கடைசியில் திண்டுக்கல்லுக்கு பஸ் ஏற்றிக் கூட்டிப்போனோம். அங்கே ஆனந்தமேரி என்று ஒரு லேடி டாக்டர், வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு உன் அம்மாவை உள்ளே கூப்பிட்டு, "இது கர்ப்பம் இல்லைம்மா, கட்டி. உங்க பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்லை" என்றார். அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த டாக்டர் சொல்லித்தான் மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். சுண்ணாம்புத் தண்ணி மாதிரி ஒன்றைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே படம் எடுத்தார்கள், இரைப்பையைப் பின்னாலிருந்து ஏதோ தள்ளுவது தெரிந்ததாம். கணையம் என்று ஒரு உறுப்பு இருக்கிறதாம், அதில்தான் கட்டி, இந்த வயசுப் பிள்ளைகளுக்கு வருவது ரொம்ப அபூர்வம், திறந்து பார்த்தால்தான் தெரியும் என்று பெரிய டாக்டர் சொன்னார். திறந்தார்கள். பெரிய ரத்தக்குழாயோடு ஒட்டிக் கிடந்தது, எடுத்தால் மேசையிலேயே உயிர் போய்விடும் என்று, சோதனைக்குத் துளி சதையை மட்டும் எடுத்துக்கொண்டு தைத்துவிட்டார்கள். டாக்டர் வெளியே வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குக் கூட்டிப்போய் அவள் கேட்டதைக் கொடுங்கள் என்றார்.

இப்போது கஞ்சிதான். அம்மா ஊட்டுகிறாள், இவள் ஒரு வார்த்தை குறை சொல்லாமல் வாங்கிக்கொள்கிறாள், அதைப் பார்க்கத்தான் எனக்கு ஏலவில்லை. விஷயம் தெரிந்து வேடசந்தூர்க்காரர்கள் பழத்தோடு வந்தார்கள், அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஆனி மாசம் நீ கோபத்தில் எழுதினதை நான் அவளுக்குக் காட்டவில்லை, அடுப்பில் போட்டுவிட்டேன். நேற்று என்னிடம், "அண்ணன் என்னைப் பத்தி என்னப்பா நெனச்சுச்சு?" என்று கேட்டாள். நீ ஒரு நாளும் சந்தேகப்படவில்லை என்று சொல்லிவிட்டேன், அவள் முகம் தெளிந்துவிட்டது.

லீவு கேட்டு உடனே புறப்படு. ரயிலில் கண்ட தண்ணியைக் குடிக்காதே. நீ நல்லா இருக்கணும் அப்பு. நான் அவளிடம் சொன்னது பொய்யென்று அவளுக்குத் தெரியவேண்டாம்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அப்பா,
மொக்கைச்சாமி