குளியலறைத் தொட்டியில் ஊறிய கியூப்கள்

அன்பு அத்தான்,

இந்தச் சொல்லை நான் வாய்விட்டுச் சொல்லி எட்டு வருஷமாகிறது. நீங்கள் இருந்தவரை அக்காவிடம் 'அவர்' என்பேன். கோபம் வந்தால் 'அந்த லேப்காரர்'. இப்போது பத்திரிகையில் ஊரே படிக்கும்படி அத்தான் என்று எழுதுகிறேன். ஊர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

போன மாதம் கிள்ளானில், நம் பள்ளிக்கூடத்துப் புதுக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், உங்களுக்கு நினைவுக்கூட்டம் நடத்தினார்கள். உங்கள் படத்துக்கு ஆளுயர மாலை. வாங்கிப் போட்டது யார் தெரியுமா? அந்தக் கட்டடத்தைக் கட்டிய காண்ட்ராக்டர் முத்தையா. "கதிரேசன் அண்ணே மாதிரி ஒரு நேர்மையான மனுஷன நான் பார்த்ததே இல்ல" என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதார். நிஜமாகவே கண்ணீர் வந்தது அத்தான்.  நானும் கை தட்டினேன். கட்டடக் குழுவின் செயலாளர் அல்லவா, முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் இருபது வருஷம் கான்கிரீட் உடைத்தவர். கட்டடத்தில் கான்கிரீட் கொட்டும்போது அதிலிருந்தே கொஞ்சம் அள்ளி, ஆறங்குல இரும்பு அச்சில் குத்தி நிரப்பி, மறுநாள் கழற்றித் தண்ணீரில் போடுவார்கள். ஏழாம் நாள் ஒன்று, இருபத்தெட்டாம் நாள் மற்றவை என்று இயந்திரத்தில் வைத்து நசுக்குவார்கள். கியூப் என்று பெயர். எவ்வளவு பாரம் தாங்கியது என்று அது சொல்லிவிடும். அது பொய் சொல்லாது. அதைக் கொண்டுவருகிறவன்தான் சொல்வான்.

முத்தையா கியூப்புக்கென்று ஒரு தள்ளுவண்டியில் தனியாகக் கலப்பார். அதில் சிமெண்டை வாரிக் கொட்டுவார். மாடிக்குப் போகும் லோரிக் கான்கிரீட்டில் குழாயைச் சொருகித் தண்ணீர் விடுவார். அப்போதுதான் அது தானாக ஓடிப் பரவும், ஆட்கள் மத்தியானத்துக்குள் வேலையை முடிப்பார்கள். இந்தச் சூது எனக்குத் தெரியாததா? மெட்ராஸில் ஐந்து வருஷம் இன்ஜினியரிங் படித்தவன் நான். இங்கே மலேசியாவில் அந்தப் பட்டத்தை ஏற்கவில்லை என்பது வேறு கதை. மூன்றாம் படிவத்தோடு நின்ற நீங்கள் லேபில் தலைமை ஆளாகிவிட்டீர்கள், நான் சைட் சூப்பர்வைசராக வெயிலில் நின்றேன் என்பதும் வேறு கதை. வேறு கதை என்று சொல்கிறேனே தவிர, எனக்கு எல்லாம் ஒரே கதைதான்.

டெங்கில் பக்கம் நான் வேலை பார்த்த அந்த வீட்டு வரிசை ஞாபகம் இருக்கிறதா? லோரி வந்து நின்றது. கூம்பு அச்சில் கான்கிரீட்டை நிரப்பி அச்சைத் தூக்கினீர்கள். நிற்க வேண்டியது அப்படியே சரிந்து தட்டையாகப் படுத்துவிட்டது. முதலாளி, கொத்தனார், லோரிக்காரர் எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்க, "தேவா, இது கான்கிரீட் இல்ல, கஞ்சி. திருப்பி அனுப்பு" என்றீர்கள். மச்சானைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லக்கூடாதா? அந்த வாரமே என் வேலை போனது. அன்றிலிருந்து பிரிக்பீல்ட்ஸில் உங்கள் வீட்டில் நான் ஒரு வாய் சோறு தொடவில்லை. தீபாவளிக்கு வந்தாலும் வாசலில் நின்று அக்காவைப் பார்த்துவிட்டுப் போய்விடுவேன்.

பள்ளிக்கூட மாடிக்குக் கான்கிரீட் கொட்டத் தொடங்கியபோது முதல் நாள் கியூப்கள் உங்கள் லேபுக்குத்தான் வந்தன. இயந்திரத்தில் வெடிச் சத்தத்தோடு உடைந்தனவாம். "பள்ளிக்கூடம் கட்ற கான்கிரீட்டா இது? பாலம் கட்றது மாதிரி இருக்கே" என்று சந்தேகப்பட்டீர்கள். அடுத்த முறை கொட்டும்போது லீவு போட்டுவிட்டுக் கிள்ளானுக்கு வந்தீர்கள். குழாய்த் தண்ணீர் விட்ட லோரியிலிருந்து நீங்களே அள்ளி மூன்று அச்சு நிரப்பினீர்கள். லேபில் வைத்தால் முதலாளி கேட்பார் என்று வீட்டுக்குக் கொண்டுபோய், குளியலறைச் சிமெண்டுத் தொட்டியில் போட்டீர்கள். அக்கா அந்தத் தண்ணீரைத்தான் மொண்டு குளித்தாள்.

ஏழாம் நாள் ஒன்றை உடைத்துவிட்டு, துண்டுச் சீட்டோடு என் வீட்டுக்கு வந்தீர்கள். எட்டு வருஷத்தில் முதல் தடவை. சட்டையெல்லாம் வேர்வை.

"தேவா, பாதி கூட வரல. மேல பிள்ளைங்க உட்காரப் போகுதுங்க. நீதான் செக்ரட்டரி. வேலைய நிறுத்தச் சொல்லுய்யா."

உங்களை நான் உட்காரச் சொல்லவில்லை. "வீட்டுத் தொட்டியில ஊறுன கல்லுக்கு எவன் மதிப்புக் கொடுப்பான்? இருபத்தெட்டு நாள் ஆகட்டும், பார்க்கலாம்" என்றேன். பட்டம் படித்தவன் பேச்சு! சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "சரிய்யா, இருபத்தெட்டு நாளைக்கு அப்புறம் வரேன்" என்றீர்கள். இருபத்து மூன்றாம் நாள், வேலைக்குப் போகிற வழியில், பஸ்ஸிலேயே போய்விட்டீர்கள். நெஞ்சுவலி என்றார்கள். அந்தச் சீட்டு உங்கள் சட்டைப்பையில் இருந்ததாமே. அக்கா சொன்னாள்.

அதற்கப்புறம் நான் செய்ததைக் கேளுங்கள். முத்தையாவின் கியூப்கள் பாஸாகிவிட்டன என்ற அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். கான்கிரீட் தண்ணீரில் கிடக்கக் கிடக்க இன்னும் கெட்டியாகும் என்று படித்திருக்கிறேன் அல்லவா? மீதி இரண்டும் தொட்டியில் இறுகிக்கொண்டிருக்கும், கூடவே மாடியும் இறுகும் என்று எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டேன். தொண்ணூறு நாள் அப்படியே ஓட்டினேன். நினைவுக்கூட்டத்தில் கை தட்டியதும் அந்தத் தைரியத்தில்தான்.

கடைசியில் அக்காதான் கூப்பிட்டு அனுப்பினாள். "தம்பி, இந்த ரெண்டு கல்லையும் என்ன செய்யட்டும்? நாள் ஆகுறதுக்கு முன்ன எடுக்காதேன்னாரு, நானும் எடுக்கல. தண்ணி குறையவிடாம ஊத்திக்கிட்டே இருக்கேன். எப்ப குளிக்கப் போனாலும் மனுஷன் உள்ளயே உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்குதுய்யா."

இரண்டையும் ஈரச் சாக்கில் சுற்றி உங்கள் லேபுக்குக் கொண்டுபோனேன். உங்களோடு வேலை பார்த்த ரஹ்மான் வாங்கிக்கொண்டார். உங்கள் கையெழுத்தில் கியூப் மேல் எழுதியிருந்த தேதியைப் பார்த்தார், இயந்திரத்தில் வைத்தார். வெடிக்கவில்லை அத்தான். தேநீரில் முக்கிய பிஸ்கட் மாதிரி பொதபொதவென்று நொறுங்கியது. தாங்கும் பலம் இருபத்தைந்து வர வேண்டிய இடத்தில் பதின்மூன்று. இரண்டாவதும் அப்படியே. நாள் கூடியும் அவ்வளவுதான். நான் கொடுத்த தொண்ணூறு நாளும் யாருக்குக் கொடுத்தது?

அன்றைக்கே கட்டடக் குழுத் தலைவர் வீட்டுக்குப் போனேன். முத்தையாவும் அங்கேதான் இருந்தார், கால்மேல் கால் போட்டு.

"கான்கிரீட்டு போகப் போக இறுகும்னு நீதானே சொன்ன, தேவராஜ்? இப்ப என்ன லா புதுசா?" என்றார் தலைவர்.

முத்தையா சிரித்தார். "பாத்ரூம்ல கெடந்த கல்லு சார். சவுக்காரத் தண்ணி பட்டிருக்கும். இதக் கொண்டுபோய் மேல காட்டினா நம்ம இனத்தையே பார்த்துச் சிரிப்பாங்க. போன மனுஷன் பேரை ஏன் கெடுக்கறீங்க?"

மாடியில் துளை போட்டு, அங்கேயிருந்தே கான்கிரீட்டை உருளையாக வெட்டியெடுத்துச் சோதிக்க வேண்டும் என்றேன். திறப்பு விழாவுக்கு அழைப்பிதழ் அச்சாகிவிட்டது என்றார் தலைவர். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மாடி ஹாலுக்கு உங்க அத்தான் பேரையே வச்சிருவோம். கதிரேசன் மண்டபம். பளிங்குப் பலகை. உங்க அக்கா கையால திறக்கட்டும். அவங்களுக்கும் ஒரு ஆறுதல், என்ன சொல்ற?"

இவ்வளவு அருவருப்பான வார்த்தையை என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை. நீங்கள் தேறாது என்று சொன்ன தளத்தின்மேல் உங்கள் பெயரையே எழுதி வைக்கப் போகிறார்களாம். எழுந்து வெளியே வந்துவிட்டேன். அருவருப்பு அவர்கள்மேல் மட்டும் இல்லை. நான் ஒத்துக்கொள்வேன் என்று அவர்களுக்கு எப்படித் தோன்றியது? என் கையெழுத்து அவர்கள் கையில் இருக்கிறதே. தோன்றாமல் என்ன செய்யும்?

அக்காவிடம் போய்ச் சொன்னேன். தரை துடைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், "அவரு பேரு அங்க வேணாம்" என்றாள். துணியைப் பிழிந்துவிட்டு, "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் அத்தான். எட்டு வருஷத்துக்கு அப்புறம், உங்கள் நாற்காலிக்கு எதிரில், நெத்திலிச் சம்பலும் சோறும். அக்கா பக்கத்தில் நின்று பரிமாறினாள். 

வருகிற ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. மாடிக் கதவின் சாவி செயலாளரிடம்தான் இருக்கும், என் பையில் இருக்கிறது. பெற்றோர்களே, இதைப் படிக்கிறீர்கள் அல்லவா? நான் கையெழுத்துப் போட்ட அறிக்கை பொய். கதிரேசனின் சீட்டு உண்மை. அதன் நகலையும், ரஹ்மான் எழுதிக்கொடுத்த முடிவையும் நகராண்மைக் கழகத்துக்கு அனுப்பிவிட்டேன். என் பெயர் போட்டே அனுப்பினேன்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன் அத்தான். அந்தத் தளத்தைத் துளைத்து, உருளை எடுத்து, ரஹ்மான் கண்முன்னால் நசுக்கிப் பார்க்கும்வரை ஒரு பிள்ளை மாடிப்படி ஏறாது. பதவியைப் பிடுங்கட்டும், வழக்குப் போடட்டும். பூட்டை உடைத்தால் படிக்கட்டில் உட்கார்ந்துகொள்வேன். "இது கான்கிரீட் இல்லை, கஞ்சி" என்று நானும் எல்லார் முன்னிலையிலும் சொல்வேன். தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
உங்களை உட்காரச் சொல்லாத மைத்துனன்,
தேவராஜன்