உப்புத் தேய்த்த தட்டு

தம்பி,

இன்று காலை வாளை மீனைக் கீறி உப்புப் போடும்போது கை அப்படியே நின்றுவிட்டது. கல்லுப்பை அள்ளினாலே உன் தட்டுதான் ஞாபகத்துக்கு வருகிறது. இத்தனை வருஷம் ஆகியும் போகவில்லை, பாழாய்ப்போன ஞாபகம்.

தொண்ணூறுகளின் நடுவில் உனக்கு எய்ட்ஸ் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். நீ என் வீட்டுக்கு வந்தாய். பட்டினப்பாக்கத்தில் வேறு யார் உன்னை உள்ளே விட்டார்கள்? நான் விட்டேன் என்று எனக்குப் பெருமை வேறு. வாசல் ஓரமாக ஒரு பாய், தனி டம்ளர், தனித் தட்டு. நீ சாப்பிட்டு முடித்ததும் தட்டில் கல்லுப்பைத் தேய்த்து மூன்று நாள் மணலில் வெயில் படப் போட்டுவைப்பேன். கருவாட்டுக்குச் செய்வதுதான். உப்பும் வெயிலும் பட்டால் எந்தக் கிருமியும் மிஞ்சாது என்பதுதான் நமக்குத் தெரிந்த படிப்பு. அதற்காகவே உனக்கென்று நாலைந்து தட்டு வாங்கியிருந்தேன்.

"இன்னாக்கா, தட்டையே கருவாடு ஆக்கிட்டியா?" என்று கேலி செய்தாய். நான் சிரிக்கவில்லை. என் சின்னவள் உன் பக்கம் தவழ்ந்தால் தூக்கிக்கொண்டு ஓடினேன். "மாமாகிட்ட போவாத" என்று உன் காதில் விழும்படியே சொன்னேன். கொஞ்ச நாளில் அவளைப் பார்த்ததும் நீயே கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாய். கேலியும் நின்றுபோனது.

ஒரு நாள் சவரம் செய்யும்போது கன்னத்தில் வெட்டிக்கொண்டாய். தரையில் ரெண்டு சொட்டு ரத்தம். பிள்ளைகளை அந்தப் பக்கமே விடவில்லை. உன் மருந்துக்காக ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அங்கிருந்த நர்சம்மாவிடம் கேட்டேன்: "தரையில பட்ட ரத்தத்துல அந்தக் கிருமி எத்தினி நாளு இருக்கும்மா?"

அவர் என்னை உட்காரவைத்தார். "வெளிய வந்து காஞ்சுதுன்னா அது ரொம்ப தாங்காதும்மா. ஊசிக்குள்ள மாட்டிக்கின ரத்தம்தான் ஆபத்து, அதுல நாள்கணக்கா இருக்கும். ரத்தம் சிந்துனா கையுறை போட்டுக்கினு பிளீச்சிங் பவுடர் தண்ணில தொடச்சிடு. மத்தபடி தட்டுல, டம்ளர்ல, தொடறதுல வராது. ஒரே தட்டுல துன்னாலும் வராது."

பஸ்ஸில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். வந்ததும் வராததுமாக உன் பாயில் உட்கார்ந்து கையைப் பிடித்தேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாய். நர்சம்மா சொன்னதையெல்லாம் சொன்னேன்.

"அவங்க சொல்வாங்கக்கா. உனக்குப் புள்ளைங்க கீது. எட்டவே இரு."

தினமும் சொன்னேன். என் தட்டிலேயே சோறு பிசைந்து நீட்டினேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். பயத்தை உனக்குக் கற்றுக்கொடுத்தவளே நான்தான். அப்புறம் என் பேச்சை எப்படி நம்புவாய்?

ஆடி மாதம் ஒரு மத்தியானம் நீ போய்விட்டாய். தூக்க வந்தவர்கள் வாசலைத் தாண்டவில்லை. நானே உன் முகத்தைத் துடைத்துத் தலை வாரினேன். சின்னவளை உன் பக்கத்தில் உட்காரவைத்தேன். பிறகு உன் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அந்தக் கனம் இன்னும் என் மடியில் இருக்கிறது. அன்றைக்குத்தானடா நீ கையை இழுத்துக்கொள்ளவில்லை.