நான் தவறாகப் படித்துக்காட்டிய கடிதம்

என் அருமைக் கோவிந்தா, மச்சான்,

நலமா என்று எழுதவந்து பேனா நின்றுவிட்டது. எந்தக் கடிதத்தையும் அப்படித்தானே தொடங்கிப் பழக்கம். நீ போய் இருபது நாளாகிறது. செத்தவனிடம் எப்படி நலம் விசாரிப்பது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

தமிழில் எழுதுகிறேன், பிழை இருந்தால் சிரித்துக்கொள். கோவில் பள்ளிக்கூடத்தில் நீதான் நன்றாகப் படித்தவன். பிறகு நான் ரோஸ் ஹில் கல்லூரிக்குப் பிரெஞ்சில் பூகோளம் சொல்லிக்கொடுக்கப் போனேன். நீ கான் தெ மாஸ்க் கிராமத்தில் உன் அப்பா விட்டுப்போன துண்டுக் கரும்பு நிலத்தோடு நின்றுவிட்டாய். பிரெஞ்சில் உனக்கு எந்தத் தாள் வந்தாலும் என்னிடம் கொண்டுவந்து நீட்டுவாய். இதை மட்டும் நீ என் தயவில்லாமல் படிக்கலாம்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். போன சனிக்கிழமை கல்லூரிக் கால்பந்துக் கோப்பையை ஜெயித்துவிட்டோம். பையன்கள் அதைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன்வரை ஓடினார்கள். எனக்குத் துணைப் பயிற்சியாளனாக உன் இடத்துக்கு வந்த புது ஆள் கெட்டிக்காரன்தான். வக்குவா ஊர்க்காரன். சுத்தமான பிரெஞ்சு, இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் விசில். உன் மனம் குளிர அவனை நாலு வார்த்தை திட்டலாம் என்று பார்த்தேன், திட்ட ஒன்றும் அகப்படவில்லை.

ஆனால் அவன் யார் காலையும் தொட்டுப் பார்ப்பதில்லை. நீ ஆட்டத்துக்கு முன்னால் பதினொரு பேரையும் வரிசையாகப் புல்லில் உட்காரவைத்து, ஒவ்வொரு பாதமாக மடியில் எடுத்து அழுத்திப் பார்ப்பாய். எவனுக்கு எங்கே வலி என்று அவன் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிடுவாய். "என்ன மச்சான், பாத பூஜையா?" என்று நான் கேலி பண்ணுவேன். "ஆமாண்டா, உனக்கும் பண்ணணுமா, காலை நீட்டு" என்பாய். கோப்பையை வாங்கிய கையோடு கோல்காவல் நிற்கிறானே, அந்த நெட்டைப் பையன், என்னிடம் வந்து, "மிசியே கோவிந்தன் இருந்திருந்தா என் கணுக்கால் இப்படி வீங்கியிருக்காது" என்றான். நான் அவனை அதட்டி அனுப்பினேன். வேறு என்ன செய்வேன்?

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆட்டக்காலம் பாதியில் இருந்தது, கரும்பு வெட்டும் தொடங்கியிருந்தது. உன்னைப்போன்ற சின்னத் தோட்டக்காரனுக்கு ஆலை ஒரு நாளைக் குறித்துக்கொடுக்கும், அந்த நாளில் வண்டி போய்ச் சேராவிட்டால் வெட்டிய கரும்பு வெயிலில் கிடந்து காயவேண்டியதுதான். இது உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. உனக்குக் குறித்த நாளும் நம் முக்கியமான ஆட்டமும் ஒரே நாளில் வந்து விழுந்தன. நீ முன்கூட்டியே வந்து கேட்டாய். "போ மச்சான், நான் பார்த்துக்கறேன்" என்று சொன்னதும் நான்தான்.

அந்த ஆட்டத்தில் உதை வாங்கினோம். மறுநாள் கல்லூரி மானேஜர் என்னைக் கூப்பிட்டு, துணை ஆள் எங்கே போனான் என்று கேட்டார். நான் அனுமதி கொடுத்தேன் என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அவர் மேஜையைத் தட்டி, "இப்படியே போனால் யாரையாவது மாற்றத்தான் வேண்டும்" என்றார். யாரை என்று அவர் சொல்லவில்லை. சொன்னது நான். அவர் அடுத்த மூச்சு விடுவதற்குள் உன் பெயரைச் சொன்னேன்.

பயந்துதான் சொன்னேன் என்று இத்தனை நாள் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். பயம் பாதிதான். நீ வெறுங்காலோடு மைதானக் கோட்டோரம் ஓடி ஓடித் தமிழும் கிரியோலும் கலந்து கத்தும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மற்ற ஆசிரியர்கள் என்னைப் பார்ப்பார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. போதுமா? சொல்லிவிட்டேன்.

நீக்கக் கடிதத்தைப் பிரெஞ்சில் எழுதியதும் நானே. மானேஜர் கையெழுத்து மட்டும்தான் போட்டார். நாலு வரி. பியூன் கையில் கொடுத்தனுப்பிவிட்டு, உன் முகத்தைப் பார்க்காமல் தப்பித்தேன் என்று நிம்மதியாகச் சாப்பிட்டேன். உனக்குப் பிரெஞ்சுத் தாள் வந்தால் நீ எங்கே வருவாய் என்பது இந்த மடையனுக்குத் தோன்றவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து நின்றாய். கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். ரயிலும் நடையுமாக வந்த களைப்பில் தண்ணீர்கூடக் குடிக்காமல் உள்பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்தாய். "காலேஜுலேர்ந்து லெத் வந்திருக்கு மச்சான். என்ன எழுதியிருக்குன்னு படி."

என் எழுத்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாலு வரிக் கடிதத்திலிருந்து நான் பத்து வரி படித்தேன். கரும்பு வெட்டு முடியும்வரை உனக்கு விடுமுறை என்று படித்தேன். முடிந்ததும் கூப்பிடுவார்கள் என்று படித்தேன். நீ தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாய்.

"அவ்வளவுதானா?" என்றாய்.

"அவ்வளவுதான் மச்சான்."

"இன்னொரு தடவை படி."

படித்தேன், கோவிந்தா. இரண்டாம் தடவை இன்னும் அழகாகப் படித்தேன். உன் உழைப்புக்குக் கல்லூரி நன்றி சொல்கிறது என்றுகூடச் சேர்த்தேன். நீ தாளை வாங்கி மடித்து, "சரி மச்சான்" என்றாய். அன்று எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போனாய். ரசம் நன்றாக இருக்கிறது என்று சொன்னாய்.

அதற்குப்பிறகு நான் உன் பக்கமே வரவில்லை. உனக்குக் குளிர்காய்ச்சல் என்று என் தங்கை பாக்கியம் சொல்லியனுப்பிய பிறகுதான் வந்தேன். வரும் வழியில் உன் நிலத்தைப் பார்த்தேன். ஒரு கரும்பு மிச்சமில்லை, எல்லாம் வெட்டி முடிந்து மொட்டையாகக் கிடந்தது. கட்டிலில் மூன்று கம்பளிக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்தாய். கல்லூரி ஏன் இன்னும் கூப்பிடவில்லை என்று கேட்பாய், என்ன புளுகுவது என்று நான் தயாராக வந்திருந்தேன். நீ கேட்கவில்லை. "வெட்டு இன்னும் பாக்கியிருக்கு மச்சான், இப்ப கூப்பிட்டாலும் என்னால வர முடியாது" என்றாய். மொட்டை நிலத்தைப் பார்த்துவிட்டு வந்தவன், காய்ச்சலில் பிதற்றுகிறாய் என்று நம்பினேன். நம்பினால் எனக்கு வசதியாக இருந்தது. மூன்றாம் நாள் நீ போய்விட்டாய்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு, பாக்கியம் ஒரு தாளைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். மற்ற தாளெல்லாம் பெட்டியில் ஒன்றாகக் கிடக்க, இதை மட்டும் நீ சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாயாம். "இதுல என்னண்ணே இருக்கு? ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க" என்றாள்.

என் தங்கைதான் கேட்டாள், நெற்றியில் பொட்டில்லாமல். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்கவேண்டும். விடுமுறை என்று படித்தேன். வெட்டு முடிந்ததும் கூப்பிடுவார்கள் என்று படித்தேன். ஒரு வார்த்தை தடுமாறவில்லை.

அவள் தலையாட்டினாள். "உங்க வீட்டுலேர்ந்து வந்து அவரும் அப்படித்தாண்ணே சொன்னாரு. லெத் வந்த அன்னிக்கு அதப் பார்த்ததுமே, 'இது மச்சான் எழுத்து புள்ள, ஆலைக்கு எனக்காக எத்தனை எழுதியிருக்கான், எனக்குத் தெரியாதா'ன்னாரு. பிரெஞ்சு தெரிஞ்ச பக்கத்து வீட்டு மிசியே படிக்கிறேன்னு கையை நீட்டினாரு, இவரு குடுக்கல. 'எழுதுனவனே சொல்லட்டும்'னு கோட்ட மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாரு."

அவள் கள்ளமில்லாமல்தான் சொன்னாள். நான் எழுதியதை நானே படித்தால் தெளிவாக இருக்கும் என்று நீ வந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

தெரிந்தேதான் வந்தாயா? இன்னொரு தடவை படி என்று நீ கேட்டது எனக்கு இன்னொரு வாய்ப்பாகவா? என் சட்டையைப் பிடித்து ஓர் அறை அறைந்திருக்கக்கூடாதா? ரசத்தைப் புகழ்ந்துவிட்டுப் போனாயே, பாவி! சாகக் கிடக்கும்போதும் எனக்குப் பதில் சொல்லும் சிரமம் வேண்டாம் என்று இல்லாத கரும்பை இருக்கிறது என்றாயே. அல்லது உண்மையிலேயே என்னை நம்பித்தான் போனாயா? எது என்று இனி எனக்குச் சொல்ல யாருமில்லை. இரண்டில் எதை என்னால் கொஞ்சமாவது தாங்கமுடியும் என்று யோசித்துப் பார்க்கிறேன். இரண்டையும் தாங்கமுடியவில்லை.

இந்த வெள்ளிக்கிழமை கான் தெ மாஸ்க் கோவிலில் பூஜை முடிந்து எல்லோரும் கூடியிருக்கும்போது எழுந்து நிற்பேன். அந்த நாலு வரியை உள்ளது உள்ளபடி தமிழில் சொல்வேன். எழுதியது யார், பெயரைச் சொன்னது யார் என்பதையும் சொல்வேன். பாக்கியம் முன்வரிசையில்தான் உட்காருவாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் படிப்பேன். அதற்குப்பின் அவள் தன் வீட்டுப் படியேற என்னை விடமாட்டாள். விடவேண்டாம். இது உனக்கு நான் தரும் வாக்கு.

கடைசியில் வழக்கம்போல் 'உன் மச்சான்' என்று கையெழுத்துப் போடப் பார்க்கிறேன், கை வரவில்லை.

வெள்ளிக்கிழமைவரை மட்டும்
பாக்கியத்தின் அண்ணனாக இருக்கும்,
வீராசாமி