என் பக்கத்துப் பிரேக்

வரலாம். அதில் என்ன சந்தேகம். உன் கட்டில் அதே இடத்தில்தான் இருக்கிறது, அதன்மேல் துவைத்த துணி மலையாகக் குவிந்திருக்கிறது, அவ்வளவுதான் மாற்றம், நீ வருகிறாய் என்றால் மடித்து எடுத்துவிடுவேன். அப்பாவும் நானும் இங்கே நலம். முதலில் எழுத வேண்டிய வரி பின்னால் வந்து நிற்கிறது, பொறுத்துக்கொள். நீ அங்கே நலமா என்று கேட்கப்போவதில்லை, ஃபோனில் நீ மூக்கை உறிஞ்சியதிலேயே தெரிந்துவிட்டது, சளி என்றாய், சளிக்கும் அழுகைக்கும் வித்தியாசம் தெரியாமலா உன்னை வளர்த்தேன். "அம்மா, நான் திரும்பி வந்துடட்டுமா" என்று நீ கேட்டதும் அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. வாயைத் திறந்தால் வா என்று விழுமா, வராதே என்று விழுமா என்று எனக்கே தெரியவில்லை. அதனால்தான் காகிதம். எழுதி முடித்துப் படம் எடுத்து அனுப்புகிறேன். என் கையெழுத்து புரியாத இடங்களில் உனக்குச் சாதகமாகப் படித்துக்கொள்.

நீ அழுகைக்கு நடுவே சொன்னதை வரிசைப்படுத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். படிப்புக்கு நடுவே தொண்டு வேலை என்று கடல் தாண்டிப் போனாய், முதியோர் இல்லம், முதல் வாரம் முழுக்கப் பயிற்சி. அவசர வழி எங்கே, எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், கையை எப்படிக் கழுவ வேண்டும் (இருபது வயதில் கை கழுவக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று சிரித்தாய்). பிறகு ஒருவர் கண்ணை ஒருவர் கட்டிவிட்டு மாறி மாறி ஊட்டிக்கொண்டீர்கள், உன் அறைத்தோழி உன் மூக்கில் ஜாம் அப்பினாள். சக்கர நாற்காலியைச் சரிவில் பின்பக்கமாகத்தான் இறக்க வேண்டுமாம், அது தெரியாமல் உன்னோடு பயிற்சிக்கு வந்த ஒருத்தியை நீ புல்தரையில் கொட்டினாய். இதுவரைக்கும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். அப்புறம் சாப்பாட்டுக் கூடம். ஜன்னலோரம் நீல ஸ்வெட்டர் அம்மா, பேச்சு போய்விட்டது, ஸ்பூன் நடுங்குகிறது, சூப்பில் பாதி மடியில். மற்ற மேசைகள் காலி. தரை துடைப்பவர் வாளியை வைத்துக்கொண்டு நிற்கிறார். உன்னைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க மட்டும்தான் சொல்லியிருந்தார்கள். நம் வீட்டுக் கை சும்மா இருக்குமா. ஸ்பூனை வாங்கி ஊட்டிவிட்டாய், வாயைத் துடைத்தாய், தட்டைக் காலி செய்து கொண்டுபோய் வைத்தாய், சபாஷ் என்று யாராவது சொல்வார்கள் என்று திரும்பிப் பார்த்தாய். அந்த அம்மா இரண்டு கையையும் போர்வைக்குள் விட்டுக்கொண்டார். அடுத்த வேளைக்கும் கை வெளியே வரவில்லை. வாயை மட்டும் திறந்தார்.

பொறுப்பாளர் அம்மா உன்னைத் திட்டவே இல்லை என்றாய். அதுதான் தாங்க முடியவில்லை என்றாய். அந்தக் கையை வெளியே கொண்டுவர போன குளிர்காலம் முழுக்க ஆள் மாற்றி ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, மறுநாளிலிருந்து உன்னைத் துணி அறைக்கு அனுப்பிவிட்டார். போர்வை மடிக்கிறாய். உன்னோடு வந்தவர்கள் எல்லாம் கூடத்தில் இருக்கிறார்கள்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே. பசித்த வாய்க்கு ஊட்டினால் குற்றமா, என் பெண்ணைத் துணி மடிக்கவா அனுப்பினேன் என்று மறுநாள் காலையில் வண்டி எடுத்ததிலிருந்து பொருமிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டிருந்தவர் என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் பல் டாக்டரம்மா. உனக்குத் தெரியுமே, திருப்பத்தில் கண்ணை மூடிக்கொள்வார் என்று சொன்னேனே, அவரேதான், ஊரார் பல்லையெல்லாம் கை நடுங்காமல் பிடுங்குகிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்தால் வேர்த்துக் கொட்டுகிறார், இன்னும் லைசென்ஸ் வாங்கவில்லை. மேம்பாலத்து ஏற்றத்தில் சிக்னல் விழுந்தது. பச்சை வந்ததும் வண்டி அணைந்தது. மறுபடி கிளப்பினார், மறுபடி அணைந்தது, பின்னால் ஹாரன், ஒருத்தர் ஜன்னலைத் திறந்து என் குலத்தையே விசாரித்தார். வண்டி லேசாகப் பின்னால் நழுவியது. "மாஸ்டர், பிரேக்கப் போடுங்க மாஸ்டர், உங்க பக்கத்து பிரேக்கப் போடுங்க" என்று டாக்டரம்மா கத்தினார். கற்றுக்கொடுக்கிறவருக்கென்று என் பக்கம் மாட்டியிருக்கிற பிரேக்கின் மேல்தான் என் கால் இருந்தது. பின்னால் நின்ற வேன் எவ்வளவு தூரம் என்று கண்ணாடியில் பார்த்தேன். இடம் இருந்தது. அழுத்தவில்லை. "ஹேண்ட் பிரேக்க இழுங்க, மூச்ச விடுங்க, கிளட்ச மெதுவா" என்று மட்டும் சொன்னேன். ஏறிவிட்டார். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஓரங்கட்டிவிட்டு, "கல் நெஞ்சு மாஸ்டர் உங்களுக்கு" என்றார், கண்ணில் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு. "நான் அழுத்தியிருந்தா நாளைக்கும் இதே ஏத்தத்துல நின்னு என்னைத்தான் கூப்பிடுவீங்க" என்றேன். தினமும் யாரிடமாவது சொல்கிற வசனம்தான். வழக்கமாக அதோடு மறந்துவிடும். அன்று மறக்கவில்லை. மீதி வழி முழுக்க நான் பொருமவில்லை. டாக்டரம்மாவுக்கே சந்தேகம் வந்து, "என்ன மாஸ்டர், உங்க பொண்ணு கத அவ்வளவுதானா" என்று கேட்டார்.

வண்டியில் இருக்கிற பொறுமை வீட்டு வாசலில் செருப்போடு கழன்றுவிடுகிறது, நீ பார்த்திருக்கிறாய். அப்பாவுக்கு வலது கை விழுந்ததிலிருந்து நான்தான் எல்லாம். ஊட்டுவது, சீவுவது, சட்டை வேண்டாம் பொத்தான் போட நேரமாகும் என்று கழுத்து வழியாக மாட்டுகிற பனியன்களாக வாங்கி அடுக்கியது. நீயும் ஊருக்குப் போகும்வரை அப்படித்தான் செய்தாய், நாம் இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு செய்தோம். கரும்பலகை நிறையக் கணக்குப் போட்ட மனிதர். பனியனில் உட்கார்ந்து டி.வி. பார்க்கிறார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது நான் பிசைந்து எடுத்து வைத்துவிட்டேன், ஊட்டக் கை நீண்டுவிட்டது. அப்போதுதான் அப்பா இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்து, "எம் பக்கமும் ஒரு பிரேக் மாட்டி வெச்சிருக்கியாடி" என்றார். கிண்டல்தான். ஆனால் பிடியை விடவில்லை. நீ ஃபோனில் சொன்னதை அவர் பக்கத்து அறையிலிருந்து கேட்டிருக்கிறார். நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன், வேறு வழி தெரியவில்லை, வெளியே விட்டால் அது பாட்டுக்குப் போய்விடும்.

நன்றாக நடந்தது என்று எழுத ஆசை. நடக்கவில்லை. வலது கையில் ஸ்பூனைச் செருகிக்கொண்டார், அது விரலிடுக்கில் சுழன்று கவிழ்ந்தது, வேட்டியெல்லாம் சாப்பாடு, மறுபடி, மறுபடி, எல்லாம் ஆறிப்போய்விட்டது. என் தொடைக்கடியில் விரல்கள் மரத்துப்போயின. கடைசியில் ஸ்பூனைச் சுவரில் விட்டெறிந்து, "திருப்தியா" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். பட்டினி. என்னைத்தான் கேட்டாரா, உன் பொறுப்பாளர் அம்மாவைக் கேட்டாரா தெரியவில்லை. நான் தரையைத் துடைத்தேன். கதவுக்கு வெளியே நின்று ரொட்டி வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். கேட்டேன் பார், அது ஒன்றுதான் புதிது. முன்பெல்லாம் கேட்காமல் கொண்டுபோய் வாயில் வைத்திருப்பேன்.

மறுநாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது, "கியர் குமிழ்ல சுத்துவியே பட்டையா ஒரு டேப்பு, அது இருக்கா" என்று கேட்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை, அதற்கே எனக்கு ஒரு மெடல் தர வேண்டும். மாலை வந்து பார்த்தால் ஸ்பூன் காம்பு கத்தரிக்காய் கனத்துக்கு இருந்தது. பல்லால் டேப்பைப் பிடித்து இடது கையால் சுற்றியிருக்கிறார். கோணல்மாணல். கனமான காம்பு கையில் நிற்கிறது. ஐந்து வாய் சாப்பிட்டார், மீதியை "நீயே குடு, கை வலிக்குது" என்றார், கொடுத்தேன். உன் நீல ஸ்வெட்டர் அம்மாவுக்கும் இதைச் சொல்லிப் பார் என்று அப்பா சொல்லச் சொன்னார். அங்கே இதைவிட நல்ல ஸ்பூன் வைத்திருப்பார்கள் என்றேன். "சொல்றதச் சொல்லு" என்றார். சொல்லிவிட்டேன்.

இனி அத்தை விஷயம். எனக்குத் தெரியாது என்று நினைக்கிறாய். அத்தையே பெருமையாகச் சொன்னாள், "ஊருக்கெல்லாம் ஊட்டப் போனவளுக்குப் பெத்த அப்பனுக்கு ஊட்ட நேரமில்லையான்னு நல்லா நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்டேன்" என்று. அவளுக்குத் தம்பி என்றால் உயிர், அது வேறு, வாய்க்கு மட்டும் யாரும் பிரேக் வைக்கவில்லை. அவள் உனக்கு ஃபோன் செய்ததும் நீ ஸ்பூனை வாங்கி ஊட்டியதும் ஒரே நாளாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. தப்பாக இருந்தால் சொல். அங்கே உட்கார்ந்திருந்தது யாராக உனக்குத் தெரிந்தது என்று நான் கேட்கப்போவதில்லை. ஃபோனில் நீ உன் துணி அறையைப் பற்றிச் சொன்னதைவிட அப்பா சாப்பிட்டாரா என்று கேட்டதுதான் அதிகம்.

அதனால் இதைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். அப்பாவுக்கு ஊட்டுவதற்காக நீ வர வேண்டியதில்லை, அந்த வேலையை நம்மிடமிருந்து அவரே பிடுங்கிக்கொண்டிருக்கிறார், வந்தால் நாம் இரண்டு பேரும் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார வேண்டியிருக்கும். அவமானம் தாங்காமல் வருகிறாய் என்றால், கண்ணு, அதற்கும் வரலாம், அதற்காக உன்னைக் குறைவாக நினைக்க மாட்டேன். அங்கே உண்மையிலேயே பிடிக்கவில்லை என்றாலும் வா. எதற்காக வருகிறாய் என்பது மட்டும் உனக்குத் தெரிந்திருக்கட்டும். டிக்கெட் எடுத்துக் கொடுத்தவரிடம் கேட்டேன், அடுத்த வார விமானத்தில் இடம் இருக்கிறதாம், "புடிச்சு வெச்சிரட்டுமா மேடம்" என்றார். பிடிக்கச் சொல்லியிருப்பேன். நீ வாசலில் பெட்டியோடு நிற்பதுவரை நினைத்துப் பார்த்துவிட்டேன். கடைசியில், அவள் சொல்லட்டும் என்றேன். என் கால் பிரேக்கின் மேல்தான் இருக்கிறது, அது உனக்குத் தெரிந்தால் போதும். வேன் இடிக்கும் என்றால் அழுத்திவிடுவேன்.

துணி அறையைத் தண்டனை என்கிறாய். இருக்கலாம். புதிதாக வருகிறவர்களை நானும் முதல் வகுப்பில் சாவியைத் தொட விடுவதில்லை, சீட்டை நகர்த்து, கண்ணாடியைச் சரிசெய், பின்னால் யார் வருகிறார்கள் சொல் என்று உட்கார வைத்துவிடுவேன், அவர்கள் முகமும் உன் குரல் மாதிரியே தொங்கிப்போகும். ஒன்று செய்து பார், பிடித்தால். உன் சாப்பாட்டு நேரத்தில் உன் தட்டை எடுத்துக்கொண்டு அந்த அம்மாவின் மேசையில் உட்கார்ந்து நீ சாப்பிடு. மன்னிப்பு என்று அழுது வைக்காதே, பேச முடியாதவரை உன் அழுகைக்குப் பதில் சொல்லும்படி ஆக்கிவிடுவாய். அவர் பக்கம் கை போகிற மாதிரி இருந்தால் வழி சொல்லியிருக்கிறேன், தொடை இருக்கிறது.

சாப்பிடு. ஈரத் தலையோடு வெளியே போகாதே. நீ புல்தரையில் கொட்டிய பெண்ணிடம் இன்னொரு தடவை வலிக்கிறதா என்று கேள், விழுந்த வலி நாள் போய்த்தான் தெரியும். அறைத்தோழி குறட்டை விடுகிறாள் என்று குறை சொன்னாய், நீ விடுவது உனக்குக் கேட்காது, பாவம் அவளும் தன் அம்மாவுக்கு எழுதிக்கொண்டிருப்பாள். அத்தை மறுபடி ஃபோன் செய்தால் எடு, சண்டை போடாதே, டேப் சுற்றிய ஸ்பூனைப் பற்றி அப்பாவே அவளிடம் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

போன இடத்தில் உன் கால் தரித்தாலும் சரி, திரும்பினாலும் சரி, எங்கள் இரண்டு பேர் மனசும் உன்னோடுதான் நடக்கும். நன்றாக இரு. உன் பதிலை மறக்காமல் எழுது, ஃபோனில் வேண்டாம், ஃபோனில் நான் முந்திக்கொள்வேன்.

அன்புடன்
அம்மா

கையெழுத்துப் போட்டபின் ஒரு வரி. இன்று அப்பாவைக் கைப் பயிற்சிக்கு அழைத்துப்போக வேண்டும். அலமாரியிலிருந்து அவரே வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கிறார், இரண்டாவது பொத்தானில் இருக்கிறார், நேரமாகிறது. இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்பிவிடுகிறேன். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போய் வண்டியில் அவருக்காக உட்கார்ந்திருப்பேன். ஹாரன் அடிக்க மாட்டேன்.