எட்டாம் நாள் வரி

1974 ஆகஸ்ட் 5, திங்கள்
விடியும்போதே புழுக்கம். செங்கல்பட்டு கோர்ட்டிலிருந்து தபால்: வியாழன் ராஜிப் பேச்சு, நானும் வரணும். சதுரங்கப்பட்டினத்து அஞ்சலை போட்ட கேஸ். இரண்டு வருஷம் முன்பு அவள் மகள் பொன்னிக்கு அம்மை குத்தினது நான். புண் சீழ் வைத்து, வலது முழங்கை மடங்கினபடியே நின்றுவிட்டது. ஊசியால்தான் என்கிறாள். சர்க்கார் செலவில் பட்டணத்தில் ஆபரேஷன் செய்து தரணுமாம். கேட்பது அவ்வளவே.
வாங்க: பிளேடு, மண்ணெண்ணெய், குடைக்குக் கம்பி.

6, செவ்வாய்
சர்க்கார் வக்கீல் (ச.வ.) வீடு. என் பதிவேட்டைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறார். "'எட்டாம் நாள் பார்த்தேன், புண் சரி.' இந்த ஒரு வரி போதும்யா, கேஸ் நிக்காது." நானும் சிரித்தேன், வெட்கமில்லாமல்.
இங்கே மட்டும் எழுதலாம். அம்மை குத்தின எட்டாம் நாள் போய்ப் புண்ணைப் பார்த்து எழுதுவது என் வேலை. போனேன், பார்க்கவில்லை. வாசலில் வேப்பிலை. ஊசிக் கொப்புளத்தையே ஆத்தா வந்ததாக எடுத்துக்கொண்டு வீட்டை அடைத்துவிட்டார்கள். தலைக்குத் தண்ணி ஊற்றும்வரை மருந்து கூடாது, வெளியாள் நுழையக் கூடாது. உள்ளே பிள்ளை அழுகிற சத்தம். திரும்பிவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்து எழுதினது அந்த வரி.
மண்ணெண்ணெய் இல்லையாம். கடைக்காரன் நாளைக்கு வரச் சொன்னான்.

8, வியாழன்
தூறல். குடை விரியவில்லை, நனைந்தபடி ச.வ. அறைக்கு.
பொன்னிக்கு ஐந்து வயசு. மடங்கின கையில் தூக்குவாளியை மாட்டிக்கொண்டு, மறு கையால் பெஞ்சைப் பிடித்து ஏறி உட்கார்ந்தாள். யாரும் தூக்கிவிடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன்.
ச.வ. கேட்டார்: "எட்டாம் நாள் இவர் வந்தாரா?"
அஞ்சலை: "வந்தாரு. உள்ள வராதீங்கன்னு நான்தான் சொன்னேன். செருப்பக் கழட்டி, வேப்பலையக் கும்புட்டுகினு பூட்டாரு. நல்ல மனுசன். அவுரு மேல தப்பு இன்னா கீது? ஆசுபத்திரிக்கு இட்டுகினு போவாம வூட்ல வெச்சிருந்தது நானு."
அவள் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். "சும்மா இரும்மா, கேஸ் போயிடும்."
"போவட்டும். பொய் சொல்லியா எம்பொண்ணு கைய நிமித்தணும்?"
இப்படி ஒருத்தியை நான் பார்த்ததே இல்லை. எனக்கு நல்லது செய்கிறதாக நினைத்து, என் வரியைப் பொய்யாக்கிவிட்டாள். அது அவளுக்குத் தெரியவும் தெரியாது.
ச.வ.வுக்குத் தெரிந்தது. என்னைப் பார்க்காமல் பதிவேட்டை மூடினார். வாபஸ் காகிதத்தையும் மைப்பெட்டியையும் அவள் பக்கம் தள்ளினார். கட்டை விரலை நீட்டிவிட்டாள்.
"சார், அந்த வரி பொய். உள்ளே போய்ப் புண்ணைப் பார்த்திருக்கணும், பார்க்கலை" என்றேன். காகிதத்தின் மேல் கையை வைத்து மறுபடி சொன்னேன்.
"வேலை போயிடும்யா."
"தெரியும் சார்."

9, வெள்ளி
ராஜி மனு எழுதியாச்சு. ஆபரேஷன் சர்க்கார் பொறுப்பு. மேலிடம் சம்மதிக்கணும், சம்மதிக்கும் என்கிறார் ச.வ. எனக்கு மெமோ. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.
பஸ் ஸ்டாண்டில் அஞ்சலை. கும்பிடப் போகிறாள் என்று நினைத்தேன், மடையன். நேரே முகத்தைப் பார்த்துக் கேட்டாள்:
"புள்ள அழுவறது உனுக்குக் கேட்டுச்சி இல்ல? நான் வராதேன்னா, வராம பூடுவியா நீ?"